ரேகை விழாத கையும் ஓஏபி பணமும்: தெரிந்ததைப் பகிருங்கள்

மணியார்டரில் திண்ணைக்கே வந்த முதியோர் உதவித்தொகை (ஓஏபி) இப்போது வங்கிக் கணக்கில் விழுகிறது. அதை எடுக்க ஊருக்குள் இருக்கும் கைரேகை மிஷினில் விரல் வைக்க வேண்டும். நாற்று நட்டும் பாத்திரம் தேய்த்தும் மழுங்கிய ரேகையை மிஷின் படிக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். வெடித்த விரலுக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வழித்துவிடுங்கள். விரல் நுனியை ஊன்றாமல் கண்ணாடியில் தட்டையாக வைக்க வேண்டும். கட்டைவிரல்தான் என்றில்லை, ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கும்; அதிகம் தேயாத மோதிர விரலை வைத்துப் பார்க்கலாம்.

*

ரேகை விழாததைவிட, விழுந்தும் "விழல பாட்டி, இன்னொருக்கா வை" என்று மிஷின் வைத்திருப்பவர் சொல்வதுதான் ஆபத்து. ஒவ்வொரு முறை விரல் வைப்பதும் தனித்தனியாகப் பணம் எடுப்பதாக இருக்கலாம். ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை போகும். திரையைப் படிக்கத் தெரியாதவருக்கு அது தெரிய வழியே இல்லை. எஸ்எம்எஸ்ஸும் வெளியூரில் இருக்கும் மகன் போனுக்குப் போகும். அதனால் எத்தனை முறை விரல் வைத்தாரோ அத்தனை ரசீது கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 'தோல்வி' என்று வந்த ரசீதும் வேண்டும். மாதம் ஒருமுறை பாஸ்புக்கில் வரவு செலவு பதிய வேண்டும்.

கணக்கில் கழிந்து பணம் கைக்கு வரவில்லை என்றால், 5 நாளுக்குள் திரும்ப வர வேண்டும். அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவு. ரசீதில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணோடு, கணக்கு இருக்கும் வங்கியில் எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, விவரத்துக்கு 14448 என்ற எண்ணில் பேசுங்கள்.

*

இப்படிப் பணம் போகாமலிருக்க "ஆதார் ரேகையைப் பூட்டிவிடுங்கள்", அதாவது எந்த மிஷினிலும் ஏற்காதபடி முடக்கிவிடுங்கள் என்று பலரும் சொல்கிறார்கள். யோசித்துச் செய்யுங்கள். பூட்டினால் ரேஷன் கடை மிஷினிலும் ரேகை ஏற்காது. திறக்க, ஆதாரில் பதிந்த செல்போன் வேண்டும்; தனியாக இருக்கும் முதியவர்கள் பலரிடம் அது இருக்காது.

"மிஷினுக்குப் போங்க" என்று வங்கிக் கிளையில் திருப்பி அனுப்பினால் திரும்பிவிட வேண்டாம். கைநாட்டு வைத்த படிவத்தில் பணம் எடுக்கலாம். வர முடியாத நிலையில் இருப்பவரின் கைநாட்டை இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டினால் போதும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே பணம் கொண்டுவந்து தரும் வசதியையும் ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லிவிட்டது. எழுத்தில் கேளுங்கள்.