பதினொரு மணி நேர டென்னிஸா, பன்னிரண்டு மணி நேர காம்ரேட்ஸா: எது உடலை அதிகம் வாட்டும்?

சாட்ஸ்வொர்த் தாத்தா:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடங்கி இன்னும் முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு வாக்குவாதத்தை உங்கள் முன் வைக்கிறேன். என் மூத்த மகன், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்தை ஆறு முறை ஓடி முடித்தவன். அவனுடைய மகனோ பதினைந்து வயதில் டென்னிஸ் மட்டையைத் தவிர வேறெதையும் விருப்பத்தோடு கையில் எடுக்காதவன். 2010 விம்பிள்டன் முதல் சுற்றில் அமெரிக்காவின் ஜான் இஸ்னரும் பிரான்சின் நிக்கோலா மஹூவும் ஆடிய 11 மணி 5 நிமிட ஆட்டத்துக்கு ஈடான உடற்சோதனை விளையாட்டு உலகிலேயே இல்லை என்பது பேரனின் கட்சி. இரண்டு கேமுக்கு ஒரு முறை நாற்காலியில் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டு, நடுவில் இரண்டு இரவு தூங்கியும் எழுந்து ஆடிய ஆட்டத்துக்கா இத்தனை பேச்சு என்பது மகனின் கட்சி.

அந்த ஆட்டத்தின் ஒரு பகுதியை நான் நேரலையில் பார்த்திருக்கிறேன். நம் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. டென்னிஸை நினைக்க யாருக்கும் பொழுதில்லை. நம் அணி புளூம்ஃபொன்டெய்னில் பிரான்சை 2–1 என்று வென்றும் போட்டியிலிருந்து வெளியேறிய மறுநாள் இரவு, கானாவும் ஜெர்மனியும் ஆடிய ஆட்டத்தின் இடைவேளையில் சேனலை மாற்றினேன். ஐந்தாவது செட்டில் ஐம்பதை ஒட்டிய எண்களை நடுவர் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். 47–47 வரை காட்டிய எண்பலகை அதற்கு மேல் கணக்குத் தெரியாமல் நின்று, பிறகு இருண்டும் போயிருந்தது. நான் தவறாகக் கேட்கிறேன் என்றே முதலில் நினைத்தேன். 59–59 என்ற நிலையில் வெளிச்சம் போய் ஆட்டத்தை நிறுத்தினார்கள். மறுநாள் இஸ்னர் 70–68 என்று முடித்தார்.

இரண்டு வகை உழைப்பையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். இன்னொரு கேள்வியும் உண்டு. சென்ற மாதம் பேரன் டர்பன் வெயிலில் மூன்று மணி நேரம் ஆடி, கடைசி செட்டில் கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். புட்டி புட்டியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருந்தான். அவனுடைய பாட்டி காலையில் உப்புப் போட்ட கூழ் குடித்துவிட்டுப் போகச் சொல்கிறாள். அவன் சிரிக்கிறான்.

இஞ்சங்கா மேடு:

தாத்தா, நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். உங்கள் மகனைப் போல நானும் காம்ரேட்ஸ் ஓடியவன். முறையாகப் பார்த்தால் அவர் பக்கம்தான் நிற்க வேண்டும். ஆனால் இந்த ஒரு வழக்கில் என் வாக்கு உங்கள் பேரனுக்கு.

ஏறத்தாழ 90 கிலோமீட்டர், கௌவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தா, இஞ்சங்கா, பாலி ஷார்ட்ஸ் என்று ஐந்து பெரிய ஏற்றங்கள், பன்னிரண்டு மணி நேரக் கெடு. இவ்வளவும் கடினம்தான். ஆனால் ஓடுகிறவனுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும். நம் ஓட்டத்தில் வழியோரப் பலகைகள், ஓடிய தூரத்தைக் காட்டுவதில்லை. இன்னும் ஓட வேண்டிய தூரத்தையே காட்டுகின்றன என்பதை உங்கள் மகன் ஒப்புக்கொள்வார். அறுபது, ஐம்பது, நாற்பது என்று எண் குறைந்துகொண்டே வருவதைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் ஓடுகிறோம். உடலுக்குள் இருக்கும் சக்தியை எந்த ஏற்றத்தில் எவ்வளவு செலவழிப்பது, எங்கே நடப்பது, எங்கே ஓடுவது என்று முதல் நாளே கணக்குப் போட்டு வைக்க முடிவதும் அதனால்தான். கெடு முடியும் நொடியில் அதிகாரி ஒருவர் ஓட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியைச் சுடுவார். ஓரடி பின்னால் இருந்தாலும் பதக்கம் கிடையாது. கொடுமையான முடிவு, ஆனால் முடிவு.

மஹூவுக்கு அப்படி ஒரு பலகை இல்லை. அப்போது விம்பிள்டனில் கடைசி செட்டை முடிக்க ஒருவர் இரண்டு கேம் முன்னால் போக வேண்டும், அதுவரை ஆட்டம் நீண்டுகொண்டே போகும். ஐந்தாவது செட்டில் முதலில் சர்வ் செய்தவர் இஸ்னர். ஆகவே 4–5 என்ற நிலை தொடங்கி, தம் சர்வீஸில் தோற்றால் போட்டியை விட்டே வெளியேற வேண்டும் என்ற கத்தி மஹூவின் தலைக்கு மேல் தொங்கியது. 67–68 வரை வரிசையாக 64 முறை அந்தக் கத்தியின் கீழ் நின்று சர்வீஸைக் காப்பாற்றினார். அடுத்த முறைதான் தவறியது. ஒவ்வொரு முறையும் இதுவே கடைசி கேமாக இருக்கலாம், இல்லாவிட்டால் இன்னும் நூறு கேம்கள் இருக்கலாம். சக்தியை மிச்சம் பிடிப்பதா, செலவழிப்பதா என்று அவர் எதை வைத்து முடிவு செய்வார்? தகுதிச் சுற்றிலேயே அவர் ஓர் ஆட்டத்தின் கடைசி செட்டை 24–22 என்று வென்றுதான் உள்ளே வந்திருந்தார்.

இரண்டு இரவு தூங்கினார்கள் என்பது உண்மை. ஆனால் நடுநாளில் மட்டுமே ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆடினார்கள். டிரம்மண்ட் பாதிவழிக் கெடுவைத் தாண்டிய பிறகு ஐந்து நிமிடம் புல்லில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள் என்று உங்கள் மகனிடம் சொல்லுங்கள். இறுகிப் போன தசையோடு மறுநாள் எழுந்து, 59–59 என்ற இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவது ஓய்வு என்ற சொல்லுக்குள் அடங்காது.

பயிற்சிக் களத்திலிருந்து:

ஐயா, இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முந்தைய நண்பர் மனத்தின் பக்கத்தை அழகாகச் சொன்னார். உடலின் பக்கத்தில் உங்கள் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்த ஆட்டத்தில் மொத்தம் 980 புள்ளிகள். 665 நிமிடங்களை அதனால் வகுத்தால், ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 41 நொடி வருகிறது. அந்த 41 நொடிக்குள் பந்து உயிரோடு இருந்த நேரம் மிகச் சிறிது. மீதி எல்லாம் நடப்பது, துடைப்பது, உட்கார்வது. இஸ்னர் 113 ஏஸ்களும் மஹூ 103 ஏஸ்களும் போட்டார்கள், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட புள்ளிகளில் எதிரே நின்றவரின் மட்டை பந்தைத் தொடவே இல்லை. இரண்டாவது செட்டில் ஒரு சர்வீஸ் முறியடிக்கப்பட்ட (அதாவது சர்வ் செய்தவரே கேமை இழந்த) பிறகு கடைசி கேம் வரை, வரிசையாக 168 கேம்களில் ஒன்றுகூட முறியடிக்கப்படவில்லை. கால்களுக்கு நேர்ந்த வேதனையை மட்டும் எடைபோட்டால், 2012 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் ஜோகோவிச்சும் நடாலும் நீண்ட ரேலிகளாக ஆடிய 5 மணி 53 நிமிடத்தை நான் மேலே வைப்பேன். பரிசளிப்பில் பேச்சுகள் முடியும்வரை நிற்க முடியாமல் இருவருக்கும் நாற்காலி கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆனால் உங்கள் மகன் கவனிக்காத ஓர் இடம் உண்டு. ஓட்டத்தின் சுமை இரண்டு காலுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. சர்வ் அப்படியல்ல. ஒவ்வொருவரும் ஏறத்தாழ 490 புள்ளிகளுக்கு சர்வ் செய்தார்கள். இரண்டாவது சர்வுகளையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். ஒவ்வொரு முறையும் அதே முழங்கால் மடங்கி, அதே பக்கத்து இடுப்பு முறுக்கி, அதே தோள் சுழன்று, அதே ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். சுழலும் தோளைப் பிடித்து நிறுத்தும் பின்புறத் தசைகளும், இறங்கும் காலைத் தாங்கும் தொடைத் தசையும் நீண்டுகொண்டே இறுகி வேலை செய்பவை. தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுவது இப்படிப்பட்ட வேலையில்தான். அது அன்று தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் தெரியும்.

தெரிந்தது. அடுத்த சுற்றில் இஸ்னரை நெதர்லாந்தின் டீமோ டி பாக்கர் 6–0, 6–3, 6–2 என்று 74 நிமிடத்தில் வீழ்த்தினார். முந்தைய நாள்தான் 113 ஏஸ் போட்டு முடித்தவரால் அன்று ஓர் ஏஸ்கூடப் போட முடியவில்லை. நெடிய ஆட்டத்தின் உண்மையான அளவு 11 மணி 5 நிமிடமன்று, அந்த 74 நிமிடம்தான் என்று என் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

நம் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த கெவின் ஆண்டர்சனுக்கும் இதே கதைதான். 2018 விம்பிள்டன் காலிறுதியில் இரண்டு செட் பின்தங்கியிருந்தும் ஃபெடரரை ஐந்தாவது செட்டில் 13–11 என்று வென்றார். ஒரு நாள் விட்டு, வெள்ளிக்கிழமை அரையிறுதி. எதிரே அதே இஸ்னர். 6 மணி 36 நிமிடம், கடைசி செட் 26–24. 24–24 என்ற நிலையில் கீழே விழுந்தவர் எழுந்து, இடக்கையால் ஒரு பந்தைத் திருப்பி அந்தப் புள்ளியை வென்றதைப் பேரனுக்குக் காட்டுங்கள். சிறுவயதில் வலது முழங்கையில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது இடக்கையால் ஆடிப் பழகியவர் அவர். இரண்டு நாள் கழித்து இறுதியில் முதல் இரண்டு செட்டுகளை 2–6, 2–6 என்று இழந்தபோது வலையைத் தாண்டி ஆடியவர் ஜோகோவிச் மட்டுமல்லர், அந்த வெள்ளிக்கிழமையும்தான்.

அதன் பிறகே விம்பிள்டன் விழித்துக்கொண்டது. 2019இல் 12–12 என்ற நிலையில் டை-பிரேக்கர், அதாவது செட்டை முடித்துவைக்கும் புள்ளிப் போட்டி, வைத்தார்கள். 2022 முதல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் கடைசி செட்டில் 6–6 என்றால் பத்துப் புள்ளி டை-பிரேக்கர். இனி ஐந்து செட் ஆட்டம் எவ்வளவு நீண்டாலும் 65 கேம்களைத் தாண்டாது. இஸ்னரும் மஹூவும் ஆடியவை 183. அவர்களுடைய ஐந்தாவது செட் மட்டுமே 138. சாதனையை முறியடிக்கும் வழியையே அடைத்துவிட்டார்கள். ஆட்டக்காரர்களின் உடலை நினைத்தால் சரியான முடிவு என்றே கருதுகிறேன், மனம் கொஞ்சம் வருந்தினாலும்.

ஃபீனிக்ஸ் அக்கா:

தாத்தா, பெரிய ஆட்டத்தைப் பற்றி இரண்டு தம்பிகளும் எழுதிவிட்டார்கள். நான் செவிலியராக வேலை செய்தவள் என்பதால் பேரனின் கெண்டைக்காலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

புட்டி புட்டியாகத் தண்ணீர் குடித்தும் தசை பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். டர்பனின் புழுக்கத்தில் மூன்று மணி நேரம் வியர்த்தால் தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் திரும்ப ஊற்றினால் இரத்தத்தில் இருக்கும் உப்பு மேலும் நீர்த்துப்போகும். இது விளையாட்டான செய்தியல்ல. 1981 காம்ரேட்ஸில் ஓடிய ஒருவர் நினைவிழந்தது தண்ணீர்க் குறைவால் அன்று, அளவுக்கு மீறிக் குடித்ததால்தான் என்பதைக் கேப்டவுனின் டிம் நோக்ஸும் உடனிருந்தோரும் 1985இல் எழுதினார்கள். ஆகவே தாகத்துக்குக் குடிக்கட்டும், கட்டாயத்துக்குக் குடிக்க வேண்டாம். காம்ரேட்ஸ் வழியில் உப்புத் தடவிய வேகவைத்த உருளைக்கிழங்கு கொடுப்பார்களே, அதை உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள். மாச்சத்தும் உப்பும் ஒரே கையில் கிடைக்கும். ஆனால் தசைப்பிடிப்புக்கு உப்பு மட்டுமே காரணமன்று. பழகாத அளவு களைத்த தசையும் பிடித்துக்கொள்ளும், எனவே பயிற்சியில் மூன்று மணி நேரம் ஆடிப் பழகாதவன் போட்டியில் ஆடினால் கால் மறுத்துப் பேசத்தான் செய்யும். பிடித்துக்கொண்டால் காலை நீட்டிப் பாதத்தை முழங்காலை நோக்கி மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாட்டியின் கூழைக் கேலி செய்ய வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு குடித்தால் வயிறும் கனக்காது.

சாட்ஸ்வொர்த் தாத்தா:

மூவருக்கும் மிக்க நன்றி. எல்லாவற்றையும் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். எஞ்சிய தூரத்தைக் காட்டும் பலகை பற்றிய பகுதி வந்தபோது மகன் எதுவும் பேசவில்லை. அவன் பேசாமல் இருப்பது அபூர்வம். பிறகு, அந்த எண்பலகை தனக்கு முன்பே களைத்துப் போயிருக்கும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்வதாகச் சொன்னான். 74 நிமிடத் தோல்வியைக் கேட்டதும் பேரன் முகம் வாடியது, அந்தக் கதையின் அந்தப் பாதி அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அவனுக்கு ஆட்டம் இருக்கிறது. அக்கா சொன்ன கணக்குப்படி ஆறரைக்குக் கூழ் தயாராக இருக்க வேண்டும், ஆகவே முதலில் எழுந்திருக்க வேண்டியவள் என் மனைவிதான்.