விமானத்தில் நல்ல இருக்கை எது? அமர்ந்து பார்த்தவர்களின் அனுபவங்கள், அவரவர் புனைபெயரில்

ஜன்னலோரம்:

ஜன்னலோர இருக்கைக்கென்று கூடுதல் பணம் கட்டி, ஏறி அமர்ந்து தலையைத் திருப்பினால் வெறும் பிளாஸ்டிக் சுவர்தான் இருந்தது. முன் வரிசைக்காரருக்கு ஒரு ஜன்னல், பின் வரிசைக்காரருக்கு ஒரு ஜன்னல், என் தோளுக்கு நேரே மட்டும் ஒன்றுமில்லை. பணிப்பெண்ணிடம் கேட்டபோது, இந்த ரக விமானத்தில் இந்த வரிசை இப்படித்தான் இருக்கும் என்றார். விமானம் நிரம்பியிருந்ததால் வேறு இடமும் கிடைக்கவில்லை. பிறகு விசாரித்ததில் காரணம் புரிந்தது. போயிங் 737 விமானத்தின் குளிர்சாதனக் கருவிகள் அதன் அடிவயிற்றில் இருக்கின்றன. அங்கிருந்து கூரைக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய் இறக்கைக்குச் சற்று முன்னால் பக்கச் சுவருக்குள் ஏறுவதால், அந்த இடத்தில் ஜன்னல் வைக்க வழியில்லை. பல நிறுவனங்களின் 737-800 விமானங்களில் இது 10 அல்லது 11ஆம் வரிசையின் ஏ எனும் இடப்பக்க ஜன்னலோர இருக்கையாக அமைகிறது. முன்பதிவுப் பக்கத்தின் வரைபடத்திலோ அதுவும் மற்றவற்றைப் போன்ற ஒரு கட்டம்தான்.

ஜன்னல் இருந்தும் பயன்படாத வரிசைகளும் உண்டு. விமானத்தைக் கட்டுபவர்கள் ஏறக்குறைய 20 அங்குலத்துக்கு ஒன்றாக ஜன்னல்களை வைத்துவிடுகிறார்கள். வாங்கிய நிறுவனம் 28 முதல் 32 அங்குல இடைவெளியில் தன் கணக்குப்படி இருக்கைகளைப் பொருத்துகிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லாததால், ஒரு வரிசையில் ஜன்னல் முகத்துக்கு நேராகவும், அடுத்ததில் தலைக்குப் பின்னாலும் போய்விடுகிறது. இப்போதெல்லாம் இறக்கைக்கு நன்றாக முன்னாலோ பின்னாலோ இருக்கும் வரிசைகளைத்தான் பார்க்கிறேன். வெயில் எந்தப் பக்கம் விழும் என்பதையும் கணக்கில் கொள்கிறேன். வடக்கு நோக்கிய காலைப் பயணத்தில் வலப்பக்கமும், மாலைப் பயணத்தில் இடப்பக்கமும் வெயில் அடிக்கும். தெற்கு நோக்கிப் போனால் இது அப்படியே மாறும்.

நெடுமரம்:

எனக்கு ஜன்னல் பொருட்டே அல்ல. முழங்கால் முன் இருக்கையில் இடிக்காமல் இருந்தால் போதும். அதனால் அவசர வழி வரிசையைத்தான் தேடுவேன். ஒரு முறை என் பக்கத்து இருக்கைக்கு முழங்காலில் கட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் வந்து அமர்ந்தார். காலை நீட்டிக்கொள்ளலாம் என்றே பணம் கட்டி அந்த இடத்தை எடுத்திருந்தார். கதவுகளை மூடும் முன் பணிப்பெண் குனிந்து, ஜன்னல் மேலிருந்த சிவப்புக் கைப்பிடியைக் காட்டி, தேவைப்பட்டால் இதை இழுத்துத் திறக்க உதவுவீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, வாய்விட்டு ஆம் என்று சொல்ல வைத்தார். பெரியவரிடம் வந்ததும் அவர் காலைப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறு வரிசைக்கு அனுப்பிவிட்டார். விதி சரியானதுதான், ஆனால் அவ்விடத்தை விற்கும்போதே இதை அவர் கண்ணில் படும்படி சொல்லியிருக்கலாம் என்று எனக்குப் பட்டது.

இந்த வரிசையிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஏர்பஸ் ஏ320, போயிங் 737-800 போன்ற விமானங்களில் இறக்கைமேல் அடுத்தடுத்து இரண்டு அவசர வழி வரிசைகள் இருப்பது வழக்கம். முன்னது சாயாது, ஏனெனில் சாய்ந்தால் பின்னாலுள்ள வழி அடைபடும். பின்னது பெரும்பாலும் சாயும். ஆகவே இரண்டாவதை எடுப்பதே நல்லது. புறப்படும்போதும் இறங்கும்போதும் காலடியில் பை வைக்க விடமாட்டார்கள். பெரிய விமானங்களில் கதவை ஒட்டிய ஜன்னலோர இருக்கை வேண்டாம். அவசரத்தில் சறுக்கி இறங்குவதற்கான பலூன் வைத்திருக்கும் கதவின் புடைப்பு கால் நீட்டும் இடத்தை விழுங்கிவிடும், கதவோரக் குளிரும் சேர்ந்துகொள்ளும்.

தொட்டில்காரி:

நெடுமரம் அண்ணா, கால் நீட்ட இடம் என்று தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையையும் பலர் எடுக்கிறார்கள். நீண்ட தூர விமானங்களில் கைக்குழந்தைக்கான தொட்டிலை அந்தச் சுவரில்தான் மாட்டுவார்கள் என்பதால், பக்கத்தில் அழுகைச் சத்தம் கேட்டால் வியப்படைய வேண்டாம். தாய்மாருக்கும் அது முழு நிம்மதி அல்ல. என் மகள் அரும்பாடு பட்டு உறங்கிய பின், விமானம் குலுங்கி இருக்கைப் பட்டை விளக்கு எரிந்ததும் தொட்டிலிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். விளக்கு அணைந்தபோது அவள் முழுதாக விழித்திருந்தாள். இன்னொன்று, அந்த வரிசையின் உணவுத் தட்டு கைப்பிடிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். கைப்பிடியைத் தூக்க முடியாது, இருக்கையும் சற்று ஒடுங்கியே இருக்கும்.

மறுமை நோக்காப் பயணி:

எனக்கு விமானம் குலுங்கினாலே வயிறு புரட்டும். இறக்கைக்கு நேரான வரிசைகள் விமானத்தின் எடை மையத்தை ஒட்டி இருப்பதால் அங்கே அசைவு குறைவாகத் தெரியும். சீசா பலகையின் நுனியில் அமர்ந்ததுபோல வால்பகுதியில் அதே குலுக்கல் கூடுதலாகத் தெரியும். ஜன்னலோரம் சொன்ன காட்சி கிடைக்காது, இறக்கைதான் தெரியும். எனக்கு அதுவே போதும். ஜெட் விமானத்தில் இரைச்சலும் முன்னால் குறைவு, இறக்கைக்குப் பின்னால் அதிகம்.

துணைவியாருடன் போகும்போது விமான ரகத்தையும் பார்ப்பேன். ஏர்பஸ் ஏ330 விமானத்தின் எக்கானமி வகுப்பு பெரும்பாலும் 2-4-2 என்ற அமைப்பில் இருப்பதால், ஓரத்து இரட்டை இருக்கையில் மூன்றாமவர் இல்லை. போயிங் 777 விமானத்தில் சில நிறுவனங்கள் வரிசைக்கு 9 பேரையும், சில 10 பேரையும் அமர்த்துகின்றன; அகலம் ஒன்றுதான், எனவே அந்தப் பத்தாவது ஆளின் இடம் மற்றவர்களின் தோளிலிருந்துதான் வருகிறது. மூன்று இருக்கை வரிசை என்றால் ஜன்னலையும் நடைவழியையும் எடுத்துக்கொண்டு, நடுவிருக்கை காலியாக இருக்கட்டும் என்று விட்டுவிடுவோம். யாராவது வந்துவிட்டால் ஓர இடத்தை அவருக்குக் கொடுப்போம். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

பின்வரிசை:

எல்லோரும் கடைசி வரிசையை ஒதுக்குகிறீர்கள். சாயாது, கழிவறைக்கு நிற்பவர்கள் தலைச்சாய்வைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஏடிஆர் 72 என்ற சிறிய விசிறி விமானத்தில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு வால்பக்கம் இருக்கிறது. முன்பகுதி சரக்குக்கு உரியது, விசிறிகளின் இரைச்சலும் அந்தப் பக்கமே அதிகம். அதில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த நான், முன் இருக்கைக்காகக் கூடுதல் பணம் கட்டியவர்கள் பெட்டியை எடுக்க எழுந்து நிற்கும்போதே படியிறங்கித் தரையில் நின்றிருந்தேன்.