ஹாம்பர்க் டெர்பிக்கு முந்தின அந்த வாரம்

மறக்க முடியாத மேட்ச் எதுன்னு கேட்டதுக்கு இங்க எல்லாரும் மேட்ச் பார்த்த கதைய எழுதிட்டு இருக்கீங்க, நான் மேட்ச்சுக்கு முந்தின வாரத்த பத்தி எழுதுறேன், ஏன்னா எனக்கு தொண்ணூறு நிமிஷத்த விட அதுதான் நல்லா ஞாபகம் இருக்கு. 2024 மே 3, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு ஃபோல்க்ஸ்பார்க் ஸ்டேடியத்துல ஹெச்எஸ்வி – சாங்க்ட் பவுலி, ஜெர்மனியில ஹாம்பர்க் ஊரோட ரெண்டு ஃபுட்பால் டீமும் மோதுற டெர்பி. வேலைக்காக ஹாம்பர்க் வந்ததுல இருந்து நான் ஹெச்எஸ்வி பக்கம். வெளிநாட்டுல இருந்து வர்றவங்க முக்கால்வாசி பேருக்கு அந்த மண்டையோட்டு கொடிய பார்த்து சாங்க்ட் பவுலிதான் புடிக்கும், எனக்கு என்னமோ இவங்க மேலதான் மனசு போச்சு.

நிலைமை என்னன்னா, செகண்ட் டிவிஷன்ல மூணு மேட்ச்தான் பாக்கி. சாங்க்ட் பவுலி 63 பாயிண்ட், மூணாவது இடத்துல டுஸ்ஸல்டார்ஃப் 56, நாங்க 52. முதல் ரெண்டு டீம் நேரா மேல, அதாவது முதல் டிவிஷனான பண்டஸ்லிகாவுக்கு போயிடும், மூணாவது டீம் பண்டஸ்லிகாவுல கடைசிக்கு மூணாவதா வந்தவங்க கூட ரெண்டு மேட்ச் ஆடணும். இப்போ கணக்கு போடுங்க, வெள்ளிக்கிழமை அவங்க ஜெயிச்சா 66, டுஸ்ஸல்டார்ஃப் மிச்சம் எல்லாத்தையும் ஜெயிச்சாலும் 65தான். அதாவது 13 வருஷம் கழிச்சு அவங்க பண்டஸ்லிகா போறத எங்க கிரவுண்டுல, எங்க கண்ணு முன்னாடி கொண்டாடுவாங்க. நம்ம வாசல்ல வந்து பக்கத்து வீட்டுக்காரன் ஆயிரம் வாலா போடுற மாதிரி.

இந்த பயம் ஏன் இவ்வளவுன்னு புரியணும்னா பழசு கொஞ்சம் தெரியணும். 1963ல பண்டஸ்லிகா ஆரம்பிச்சதுல இருந்து கீழயே இறங்காத டீம் ஹெச்எஸ்வி, அதுக்குன்னு ஸ்டேடியத்துல ஒரு கடிகாரமே ஓடிட்டு இருந்துச்சு, 2018 மே 12ல செகண்ட் டிவிஷனுக்கு இறங்கினப்போ 54 வருஷம் 261 நாள். அப்புறம் மூணு வருஷம் தொடர்ந்து நாலாவது இடம், அடுத்த ரெண்டு வருஷம் மூணாவது வந்து ஒருதடவ ஹெர்த்தா கிட்ட, ஒருதடவ ஸ்டுட்கார்ட் கிட்ட தோல்வி. 2023ல சாண்ட்ஹவுஸன்ல மேட்ச் முடிஞ்சதும் ப்ரமோஷன் வந்தாச்சுன்னு நம்ம ஆளுங்க கிரவுண்டுக்குள்ள எறங்கி கட்டிப்புடிச்சு அழுதுட்டு இருக்காங்க, அந்த நேரம் ரேகன்ஸ்பர்க்ல இஞ்சுரி டைம்ல ஹைடன்ஹைம் ரெண்டு கோல் போட்டு 3–2 ஜெயிச்சு எங்கள மூணாவது இடத்துக்கு தள்ளிட்டாங்க. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல. அதை அனுபவிச்சவங்க யாரும் அதுக்கப்புறம் எந்த கணக்கையும் நம்பல.

அந்த வாரம் ஊரே மாறிடுச்சு. எங்க தெரு முனையில ஒரு விளக்கு கம்பம், திங்கக்கிழமை அதுல எங்க டீமோட நீல வெள்ள டைமண்ட் ஸ்டிக்கர், செவ்வாய்க்கிழமை அதுமேல சாங்க்ட் பவுலியோட பிரவுன் ஸ்டிக்கர், புதன்கிழமை அத பாதி கிழிச்சிட்டு திரும்ப நீலம். வியாழக்கிழமை பார்த்தா ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கரா அந்த இடம் தடிச்சு போய் ஓரமெல்லாம் சுருண்டு நிக்குது. ஆபீஸ்ல காபி மெஷின் பக்கத்துல வழக்கமா வாய் ஓயாம பேசுற சாங்க்ட் பவுலி பசங்க அந்த வாரம் வாயே தொறக்கல, சொன்னா நடக்காம போயிடும்னு அவங்களுக்கும் உள்ளுக்குள்ள உதறல். எனக்கு அது புடிச்சிருந்துச்சு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தூக்கம் கெட்டு கிடந்தோம்.

எங்க மேல் வீட்டு பெரியவர், 1983ல ஹெச்எஸ்வி ஏதென்ஸ்ல யுவென்டஸ ஜெயிச்சு ஐரோப்பிய கோப்பை எடுத்தத இன்னும் நேத்து நடந்த மாதிரி சொல்லுவார், படியில பார்த்தப்போ "தம்பி, மேல போறதெல்லாம் அப்புறம், இவங்க நம்ம புல்லுல கொண்டாட்டம் போடாம இருந்தா போதும், டிரா ஆனாகூட சரி"ன்னார். டிசம்பர்ல அவங்க கிரவுண்டுல நம்ம கீப்பரே தப்பா தட்டி தன் வலைக்குள்ள போட்டும், 0–2ல இருந்து 2–2 ஆக்கினோமேன்னு சொன்னேன், தலைய மட்டும் ஆட்டிட்டு மேல போயிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல வேலை ஓடல. ஷ்டெல்லிங்கன் ஸ்டேஷன்ல எறங்கி பார்க் வழியா நடக்குறப்போ சுத்தி அவ்வளவு கூட்டம், ஆனா பாட்டு கம்மி, பக்கத்துல வந்தவர் ஸ்கார்ஃப் நூல பிச்சுக்கிட்டே வந்தார், கேட்டதுக்கு காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலன்னார், நானும் சாப்பிடல.

மேட்ச் எல்லாருக்கும் தெரியும், 85வது நிமிஷம் எங்க கிளாட்ஸல் கோல், நாங்க 1–0 ஜெயிச்சோம். ஒன்பது நாள் கழிச்சு மே 12ல ஓஸ்னாப்ரூக்க 3–1 ஜெயிச்சு அவங்க மேல போயிட்டாங்க, நாங்க இறங்கி சரியா ஆறு வருஷம் ஆன அதே தேதியில, ஆனா அவங்க கிரவுண்டுலதான் போனாங்க, எங்க கிரவுண்டுல இல்ல. நாங்க அடுத்த வருஷம் உல்ம் டீம 6–1 அடிச்சு மேல வந்தோம். 2025 ஆகஸ்ட்ல பண்டஸ்லிகாவுலயே டெர்பி, 0–2 தோத்தோம், வலிச்சுது, ஆனாலும் அதுக்கு முந்தின வாரம் நான் நல்லா தூங்குனேன். சீசன் ஆரம்பம், போனா மூணு பாயிண்ட்தான். 2024 மே மாதிரி ஒரு வாரம் உங்க டீமுக்கு வந்திருந்தா எழுதுங்க, மேட்ச் இல்ல, அதுக்கு முந்தின நாளுங்கள பத்தி.