புதுப்பிப்பு: உள்பக்கம் திரும்பிய கால் பெருவிரல், தசைநாண் மாற்றி 4 ஆண்டுகளுக்குப் பின்

கால் பெருவிரல் எலும்புப் புடைப்புக்கு ஆபரேஷன் செய்த பிறகு விரல் மறுபக்கம், மற்றக் காலை நோக்கித் திரும்பிவிட்டது. இதை ஹாலக்ஸ் வேரஸ் என்பார்கள். அதை நேராக்க, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தும் ஆபரேஷன் செய்யலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

"மூட்டு தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், நின்றபடி எக்ஸ்ரே எடுங்கள்" என்றாரே ஒருவர், அதுதான் வழி காட்டியது. தேய்ந்திருந்தால் விரலின் அடி மூட்டையே அசையாமல் இணைத்துவிடுவார்களாம். எனக்குத் தேயவில்லை. சரி என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலேயே அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டேன். விரலைத் தூக்கும் நீண்ட தசைநாணை நகத்தருகே பிரித்து, விரலின் அடி எலும்பில் வெளிப்பக்கமாகப் பொருத்தினார்கள்.

இன்றும் விரல் நேராக இருக்கிறது. நான் எதிர்பாராதது, நுனி மூட்டு இனி மடங்காது என்பது. முழு நாணையும் எடுத்தால் நுனி தொங்கிவிடும், அதனால் அந்த நுனி மூட்டை அசையாமல் இணைத்துவிட்டார்கள். அடி மூட்டும் கொஞ்சம் இறுக்கம்தான். ஆனாலும் இந்தத் தைப்பூசத்துக்குக் காவடியோடு வெறுங்காலில் முழுத் தூரமும் நடந்தேன்.