வரையுற பிள்ளைங்ககிட்ட முதல் படத்த நாமளே வாங்கணும்

தக்கலையில ஃபிரேம் கடை வச்சிருக்கேன். சாமி படம், கல்யாண போட்டோ போக, காலேஜ் பிள்ளைங்க கையால வரைஞ்ச படங்களும் இப்பம் நெறைய வருது. அதுல ஒரு பிள்ளையப் பத்தி இங்க சொல்லணும்.

குளச்சல் பக்கம் வீடு, அப்பாவுக்குக் கடல் தொழில். கரையில ஏத்தி வச்ச வள்ளத்த வாட்டர்கலர்ல வரைஞ்சு கொண்டு வந்தா. அணியத்துல, அதான் வள்ளத்தோட முன்பக்கத்துல, பெயிண்ட் உரிஞ்சு, அடியில உள்ள பழைய நிறம் திட்டுத்திட்டா தெரியும் பாருங்க, அதைக்கூட விடல. "வலைய நாங்க இப்படி மடக்க மாட்டோம்னு அப்பா சொன்னாரு மாமா, அதனால திரும்ப வரைஞ்சேன்"ன்னா.

இன்ஸ்டாகிராம்ல 150 ரூபாய்னு போட்டிருக்கா. பார்க்கிறவங்க 'சூப்பர்' போட்டுட்டுப் போறாங்க. சொந்தக்காரங்க "எனக்கும் ஒண்ணு வரைஞ்சு தா மக்ளே"ங்காங்க. காசு மட்டும் யாரும் கொடுக்கல. 300 ஜிஎஸ்எம் கெட்டித் தாள், கலர், ரெண்டு மூணு சாயங்காலத்து உழைப்பு, இதுக்கு 150 எப்படிக் கட்டும்? சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டு 700 வச்சோம். முதல் படத்த நானே முழு விலைக்கு வாங்கிக் கடையில மாட்டினேன். அன்னைக்கு அவ முகத்தப் பார்க்கணுமே!

பிறகு எனக்குத் தெரிஞ்ச தொழில் விஷயம் சொல்லிக் கொடுத்தேன். ஏ4 அளவுல (21 × 29.7 செ.மீ.) வரைஞ்சா, வாங்குறவங்க ஊர்லயே ரெடிமேட் ஃபிரேம் கிடைக்கும். கண்ணாடி போட்டுப் பார்சல் அனுப்பவே வேண்டாம், உடைஞ்சிரும். விக்கிறதுக்கு முன்னாடி 300 டிபிஐ தெளிவுல ஸ்கேன் பண்ணி வச்சா, பின்னால பிரிண்ட் போட்டும் விக்கலாம். அந்தப் பெரிய ஃபைல அப்படியே நெட்ல ஏத்தாம, சின்னதாக்கிப் பேரெழுதிப் போடணும்.

கொஞ்ச நாள்ல பதறிப்போய் வந்தா. பட்டாளத்துல இருக்கேன், எல்லாப் படத்தையும் எடுத்துக்கிறேன்னு ஒருத்தன் மெசேஜ் போட்டிருக்கான். "பணம் அனுப்புறேன், இந்த க்யூஆர ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் போடு"ன்னிருக்கான். நல்லவேளை, பின் போடுறதுக்கு முன்னாடி கேக்க வந்தா. யூபிஐல காசு வாங்குறதுக்குப் பின் நம்பரே தேவையில்ல. பின் கேட்டா, நம்ம கணக்குல இருந்துதான் காசு போகும். அப்படிப் போயிட்டா உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்குக் கூப்பிடணும். விக்கத் தொடங்குற எல்லாப் பிள்ளைங்களுக்கும் இத முதல்லயே சொல்லிருங்க. ஒரு தடவ ஏமாந்தா பயந்துபோய் வரையுறதையே விட்டுரும்.

இப்பம் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு ஆர்டர் வந்திருக்கு. குளச்சல்ல பிறந்து அங்க வேலை பார்க்கிறவரு, தன் அப்பாவோட வள்ளத்த போட்டோ அனுப்பி வரையச் சொல்லியிருக்காரு. அவளே 1,200ன்னு விலை சொல்லி, பாதி அட்வான்ஸும் வாங்கிட்டா. வலை மடக்குறதுல சந்தேகம் வந்தா கேக்க வீட்டுலயே ஆள் இருக்கு.

உங்க பக்கத்துப் பிள்ளைங்க என்ன செய்யுறாங்க, என்ன விலை வைக்காங்க? நீங்க யார்கிட்டயாவது வாங்கியிருந்தா அதையும் எழுதுங்க.