புதிய சிந்தசைசர் அறிவிப்புகளில் கீபோர்டு வாசிப்பவருக்கு உண்மையில் எது பயன்?

இடதுகை_பேஸ் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வழக்கமாக சனவரியில் அனஹைம் நகரில் நடக்கும் என்.ஏ.எம்.எம். கண்காட்சியும், மே மாதத்தை ஒட்டி பெர்லினில் நடக்கும் சூப்பர்பூத்தும் நெருங்கும்போதெல்லாம் புதிய மின்னணு இசைக்கருவிகள் குறித்த அறிவிப்புகள் வந்து குவிகின்றன. அவற்றில் பெரும்பகுதி டிரம் மெஷின்கள், மாடுலர் பெட்டிகள், விசைகளே இல்லாத மேசைக் கருவிகள் ஆகியவற்றைப் பற்றியவை. அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் இரு கைகளாலும் வாசித்துப் பழகிய ஒருவர் அந்தப் பட்டியலைப் படித்து முடிக்கும்போது, தமக்கென்று அதில் என்ன இருந்தது என்று தேடத்தான் வேண்டியிருக்கிறது.

நான் பியானோ பயிற்சி பெற்றவன். இதுவரை வாசித்தவை எல்லாம் பதிவுசெய்த ஒலிகளைத் தரும் ஒர்க்ஸ்டேஷன் வகைக் கருவிகளே. இப்போது ஒலியை நானே உருவாக்கி, அதை வாசிக்கும்போதே மாற்றிக்கொண்டு போகக்கூடிய ஒரு சிந்தசைசரைத் தேடுகிறேன். கடந்த சில ஆண்டுகளில் வெளியான அறிவிப்புகளில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது, வாசிப்பவர் என்ற முறையில் அது உங்களுக்கு எதைத் தந்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும். வாய்ஸ் (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்கள்) எத்தனை, ஆஸிலேட்டர் (மூல அலையை உருவாக்கும் பகுதி) எத்தனை என்ற பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கிறது, அது வேண்டாம்.

வெண்கட்டை எழுதியது:

நல்ல கேள்வி. என் விடை சற்று நீளமானது. ஏனெனில் எனக்குப் பிடித்த அறிவிப்பு ஒரு தனிக் கருவி அன்று. நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்த ஒரு வசதி மெல்ல மெல்ல மீண்டு வந்ததே எனக்குப் பிடித்த செய்தி. பாலிஃபோனிக் ஆஃப்டர்டச்சைத்தான் சொல்கிறேன்.

ஆஃப்டர்டச் என்றால் விசையை அடித்து முடித்த பின்னும் விரலால் அதை மேலும் அழுத்தி ஒலியை மாற்றுவது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரும்பாலான கருவிகளில் விசைகள் அனைத்துக்கும் அடியில் ஒரே நீண்ட உணர்பட்டை ஓடுகிறது. ஒரு விரல் அழுத்தினால், அந்த நேரத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்தே மாறிவிடும். பாலிஃபோனிக் வகையில் ஒவ்வொரு விசைக்கும் தனி உணரி உண்டு. நான்கு சுரங்கள் கொண்ட ஒரு கார்டைப் பிடித்தபடி, நடுவிலிருக்கும் ஒரு சுரத்தை மட்டும் அழுத்தி அதன் ஃபில்டரை, அதாவது ஒலியின் பிரகாசத்தைக் கட்டுப்படுத்தும் வடிகட்டியை, திறந்து மேலெழச் செய்யலாம். மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கும். பியானோவில் ஒரு குரலை மட்டும் தூக்கிக் காட்ட அடிக்கும் கணத்தில்தான் வாய்ப்பு உண்டு, அடித்த பின் அந்தச் சுரம் தேய்ந்துகொண்டுதான் போகும். இங்கோ அடித்த பிறகும் சுரம் உங்கள் பிடியிலேயே இருக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. யமஹா சி.எஸ்-80 இதை 1970-களிலேயே தந்தது; இசையமைப்பாளர் வாஞ்செலிஸின் வாசிப்பில் நாம் கேட்டு வியக்கும் உயிரோட்டத்தில் அந்த விசைப்பலகைக்குப் பெரும் பங்கு உண்டு. மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 1983-இல் வந்த மிடி நெறிமுறையிலும் இதற்கான செய்தி வகை தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. 1980-களில் என்சோனிக் நிறுவனம் சில கருவிகளில் இதை வைத்தது. அதன் பின் செலவு காரணமாகப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இதைத் தொடவே இல்லை. மிடியில் இந்த வசதிக்கான கதவு திறந்தே கிடந்தும் அதன் வழியே அனுப்பத்தக்க விசைப்பலகைகள் அரிதாகவே இருந்தன என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

2019-இல் ஏ.எஸ்.எம். நிறுவனத்தின் ஹைட்ராசிந்த் வந்தபோதுதான் நிலைமை மாறியது. 49 விசைகள், எட்டு வாய்ஸ்கள், விலையுயர்ந்த வரிசையைச் சேராத ஒரு கருவி, அதில் முழுமையான பாலிஃபோனிக் ஆஃப்டர்டச். பின்னர் 37 சிறு விசைகளுடன் எக்ஸ்ப்ளோரரும் 73 விசைகளுடன் டீலக்ஸும் வந்தன. சிறிய மாதிரியிலும் அந்த வசதியை அவர்கள் குறைக்கவில்லை. அதன் பிறகு வால்டோர்ஃப் இரிடியம் கீபோர்டு, நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் மூன்றாம் தலைமுறை கன்ட்ரோல் எஸ் வரிசை, கோர்கின் கீஸ்டேஜ் என்று அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கின்றன.

பியானோ பயிற்சி உள்ளவர் என்பதால் ஒன்றைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். 2023-இல் யமஹா வெளியிட்ட மோன்டாஜ் எம் வரிசையில் 88 விசைகள் கொண்ட எம்8எக்ஸ் மாதிரியில் மட்டும் சுத்தியல் எடையுள்ள விசைகளும் பாலிஃபோனிக் ஆஃப்டர்டச்சும் ஒன்றாகக் கிடைக்கின்றன. அதே வரிசையின் 61, 76 விசை மாதிரிகளில் அது இல்லை. பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிட வேண்டாம்.

இவற்றையெல்லாம் தாண்டி, என் மனத்தில் முதலிடம் எக்ஸ்பிரசிவ் ஈ நிறுவனத்தின் ஆஸ்மோஸுக்குத்தான். பார்வைக்கு அது வழக்கமான 49 விசைப் பலகை. ஆனால் விசை கீழிறங்கும் தூரம் முழுவதையும் அது அளக்கிறது. அடிமட்டத்தைத் தொட்ட பின் இன்னும் ஆழமாக அழுத்த ஒரு தனிப் பகுதி இருக்கிறது. ஒவ்வொரு விசையையும் பக்கவாட்டில் அசைத்து அந்தச் சுரத்தை மட்டும் வளைக்கலாம். வலக்கை ஒரு சுரத்தைக் கமகமாக அசைக்கும்போது இடக்கையின் கார்டு நிலைகுலையாமல் நிற்கிறது. இத்தனை ஆண்டுகள் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்துக்கு இடக்கையை முழுதாக ஒப்படைத்துவிட்டு வாசித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அலைவடிவம் எழுதியது:

வெண்கட்டை அவர்கள் சொன்னதில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆயினும் கேள்வி கேட்டவரின் நிலையில் இருப்பவருக்கு அது முதல் விடை ஆகாது என்பது என் கருத்து.

பாலிஃபோனிக் ஆஃப்டர்டச் நன்கு பயன்பட வேண்டுமானால், விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனி எடையில் நின்று பழகியிருக்க வேண்டும். பியானோ கைகள் விசையின் அடியில் ஓய்வெடுக்கும் பழக்கம் உடையவை. அந்தக் கையை வைத்தவுடன் நான்காம் விரலும் சுண்டுவிரலும் வேண்டாத இடத்தில் அழுத்தி, ஃபில்டர்கள் தாமாகத் திறந்துகொள்ளும். உணர்திறன் வளைவை மாற்றிச் சரிசெய்யலாம், உண்மைதான். ஆனால் ஒலியை வடிவமைக்கவே இப்போதுதான் கற்கப்போகும் ஒருவருக்கு இரண்டு புதிய கலைகளை ஒரே நேரத்தில் தலையில் ஏற்றுவது எதற்கு?

ஒலியை நானே உருவாக்க வேண்டும் என்கிறார் நண்பர். அப்படியானால் ஒரு வேலைக்கு ஒரு குமிழ் என்று முகப்பில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும் கருவியே முதலில் தேவை. இந்த வகையில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த அறிவிப்பு 2020-இல் வந்த ப்ராஃபெட்-5-இன் மறுவெளியீடு. 1978-இன் மூலக் கருவியில் விசையை மெல்ல அடித்தாலும் வேகமாக அடித்தாலும் ஒலி ஒன்றே. வெலாசிட்டி என்பதே அதில் இல்லை. மறுவெளியீட்டில் வெலாசிட்டியும் ஆஃப்டர்டச்சும் சேர்க்கப்பட்டன. ஒலியின் சிறு சிறு ஒழுங்கின்மைகளைக் கூட்டவும் குறைக்கவும் ‘வின்டேஜ்’ என்றொரு குமிழும் வைக்கப்பட்டது. திரையில் பக்கம் பக்கமாகத் தேட வேண்டிய வேலையே இல்லை. ஐந்து வாய்ஸ்கள்தானே என்று கேட்பார்கள். ஐந்து வாய்ஸ்கள் என்பது சுரங்களைத் தேர்ந்து வைக்கக் கற்றுக்கொடுக்கும் நல்ல கட்டுப்பாடு. பியானோவில் மிதியை அழுத்தியபடி சுரங்களைக் குவித்துப் பழகிய கைகளுக்கு இது மருந்தாகவே அமையும்.

2024-இல் வந்த மூக் மியூஸையும் இங்கே சொல்ல வேண்டும். 61 விசைகள், எட்டு அனலாக் வாய்ஸ்கள், இரண்டு தனி ஒலிகளை ஒரே நேரத்தில் வாசிக்கும் வசதி. இடக்கைக்கு ஒரு பேஸ், வலக்கைக்கு ஒரு லீட் என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். உங்கள் புனைபெயரைப் பார்த்தால் அது உங்களுக்காகவே செய்ததுபோல் தோன்றுகிறது. அதில் ஆஃப்டர்டச் எல்லா விசைகளுக்கும் பொதுவானதுதான். அதனால் அதன் ஒலியின் தடிமனில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஆஸ்மோஸ் பற்றி ஒரு சொல். அதன் உள்ளே இருக்கும் ஈகன்மேட்ரிக்ஸ் ஒலி எந்திரம் ஹேகன் ஆடியோவின் ஆக்கம், ஆழம் மிக்கது. ஆனால் அடிப்படையிலிருந்து ஓர் ஒலியைக் கட்டி எழுப்ப வேண்டுமானால் கணினியில் தனி எடிட்டரைத் திறக்க வேண்டும். கருவியின் முகப்பில் இருப்பவை, வேறொருவர் செய்து வைத்த ஒலியைத் திருத்துவதற்கான குமிழ்களே. கேள்வியின் நோக்கத்துக்கு இது நேர் எதிர்.

இடதுகை_பேஸ் எழுதியது:

இருவருக்கும் நன்றி. சுண்டுவிரல் குறித்து அலைவடிவம் சொன்னது என் கைக்கு அப்படியே பொருந்துகிறது. இருந்தாலும் ஒரே கார்டுக்குள் ஒரு சுரத்தை மட்டும் உயர்த்துவது என்ற எண்ணம் என்னை விடவில்லை. இன்னொரு ஐயம்: இவ்வகை விசைப்பலகை ஒன்றை வாங்கி, வேறு கருவிகளையோ கணினியில் உள்ள மென்பொருளையோ அதைக்கொண்டு வாசித்தால் அந்த நுட்பம் முழுதாகப் போய்ச் சேருமா? மிடி 2.0 என்ற சொல்லும் அறிவிப்புகளில் அடிக்கடி வருகிறது. அதற்காகக் காத்திருக்க வேண்டுமா?

பதினாறாம்_சேனல் எழுதியது:

காத்திருக்க வேண்டியதில்லை; ஆனால் எது எந்த வழியில் போகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பாலிஃபோனிக் ஆஃப்டர்டச் பழைய மிடியிலேயே அடங்கும். எனவே பெறும் கருவி அந்தச் செய்தியைப் புரிந்துகொண்டால் போதும். பல கருவிகள் புரிந்துகொள்வதில்லை என்பதே சிக்கல். வாங்குமுன் அவற்றின் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் உள்ள மிடி அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். பழைய ஐந்து முனைக் கம்பியில் நொடிக்கு 31,250 பிட்டுகளே செல்லும். ஆஃப்டர்டச் செய்தி ஒன்று கடந்துபோக ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடி ஆகிறது. பத்து விரல்களும் ஒரே நேரத்தில் தொடர்ந்து அழுத்தத்தை அனுப்பினால் அந்தக் கம்பியில் நெரிசல் ஏற்படும். ஆகவே யு.எஸ்.பி. வழி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு சுரத்தையும் தனியாக வளைப்பது வேறு கதை. பழைய மிடியில் பிட்ச் பெண்ட் ஒரு சேனல் (செய்திகள் செல்லும் தடம்) முழுமைக்கும் உரியது. அதனால்தான் 2018-இல் ஏற்கப்பட்ட எம்.பி.இ. (மிடி பாலிஃபோனிக் எக்ஸ்பிரஷன்) முறையில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு சேனல் ஒதுக்கப்படுகிறது. ஆஸ்மோஸை வெளிக்கருவியாகப் பயன்படுத்தும்போது அதன் பக்கவாட்டு அசைவு இந்த வழியில்தான் போகிறது. இசைப்பதிவு மென்பொருள்களில் பிட்விக், லாஜிக், கியூபேஸ் ஆகியவை இதை ஏற்கின்றன; ஏபிள்டன் லைவ் 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து ஏற்கிறது.

2020-இல் அறிமுகமான மிடி 2.0 இந்தச் சுற்றுவழி இல்லாமலேயே சுரத்துக்குச் சுரம் தனி வளைவை அனுமதிக்கிறது. வெலாசிட்டியை 128 படிகளுக்குப் பதிலாக 16 பிட் நுட்பத்தில் அனுப்புகிறது. பியானோ வாசிப்பவருக்கு இந்த இரண்டாவது மாற்றமே மிகுந்த பயன் தரக்கூடும் என்று நினைக்கிறேன். மெல்லிய ஒலிகளின் எல்லையில் 128 படிகள் எவ்வளவு கரடுமுரடானவை என்பதை நுண்ணிய விரல்கள் உணரும். 2023-இல் அறிவிக்கப்பட்ட கீஸ்டேஜ் மிடி 2.0-இன் சில பகுதிகளை விசைப்பலகைக்குக் கொண்டுவந்தது. இணைத்த கருவியின் அளவுருப் பெயர்கள் தாமாகவே குமிழ்களுக்கு உரிய சிறு திரைகளில் தோன்றுவது அதன் கண்கூடான பலன். ஆனால் இருமுனையிலும் ஆதரவு இருந்தால்தான் இவை நடக்கும். பழைய மிடிக் கருவிகளோடும் இவை தொடர்ந்து பேசும் என்பதால் இன்று வாங்குவது நாளை வீணாகாது.

அறிவிப்பை நம்பிக் காத்திருப்பது பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்மோஸ் 2019-இல் அறிவிக்கப்பட்டது. வாங்கியவர்களின் கைகளுக்கு வந்து சேர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. நுண்ணிய இயந்திர விசைகளைப் புதிதாக உருவாக்கும் எந்த நிறுவனத்துக்கும் இப்படி நேரலாம். கண்காட்சி மேடையில் இருப்பது முன்மாதிரி. கடையில் இருக்கும்போதுதான் அது கருவி.

வெண்கட்டை எழுதியது:

அலைவடிவம் அவர்களின் மறுப்பில் ஒரு பாதியை ஏற்கிறேன்: கற்கத் தொடங்குபவருக்கு முகப்பில் குமிழ்கள் வேண்டும். ஆனால் அந்தக் குமிழ்களும் நுட்பமான விசைப்பலகையும் ஒரே கருவியில் கிடைக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆர்ட்டூரியாவின் பாலிப்ரூட் 12 அப்படிப்பட்டது. 2024-இல் வந்த இதில் 12 அனலாக் வாய்ஸ்களும் 61 விசைகளும் உள்ளன. ஃபுல்டச் என்று அவர்கள் அழைக்கும் அமைப்பில் விசை இறங்கத் தொடங்கும் கணத்திலிருந்தே அதன் நகர்வு ஒலியைக் கட்டுப்படுத்தும். அது வேண்டாமென்றால் வழக்கமான முறைக்கு மாற்றிக்கொண்டு சாதாரண சிந்தசைசராக வாசிக்கலாம். விலை மட்டும் எளிதானது அன்று.

கடையில் தொட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் நிறுவனம் வைத்திருக்கும் பகட்டான டெமோ ஒலிகளை ஒதுக்கிவிட்டு, ஒரு வெற்று ஒலியை எடுங்கள். அழுத்தத்தை ஃபில்டருக்கு மட்டும் இணையுங்கள். இடக்கையால் நான்கு சுரக் கார்டு ஒன்றைப் பிடித்து, ஒலி மாறாமல் சிறிது நேரம் வைத்திருக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு நான்காம் விரலை மட்டும் அழுத்துங்கள். அந்த ஒரு சுரம் மட்டும் எழுந்தால் உங்கள் கைக்கும் அந்தப் பலகைக்கும் ஒத்துப்போகும். நான்கும் சேர்ந்து எழுந்தால் உணர்திறனைக் குறைத்து இன்னொரு முறை முயலுங்கள். அப்போதும் எழுந்தால் ப்ராஃபெட் இருக்கும் பக்கம் நடந்துவிடுங்கள்.