ஒரு ரூபாய் இட்லியும் ஓடாத கிரைண்டரும்

எதிர்க்கடைக்காரன்:

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. கொங்குப் பக்கத்து மாநகராட்சி என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் இங்கே அம்மா உணவகத்தில் சமைக்கும் அக்காக்களுக்குத்தான் வினை.

நான் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எதிரே அம்மா உணவகம். 2013 பிப்ரவரி 19 அன்று சென்னை சாந்தோமில் முதல் உணவகம் திறந்தார்கள். அதே வருடம் ஜூன் 2 அன்று மற்ற ஒன்பது மாநகராட்சிகளுக்கும் ஊருக்குப் பத்து என்று வந்தது. அந்தப் பத்தில் ஒன்றுதான் இது. ஆரம்பத்தில் வரிசையில் நின்றது எல்லா வயதும்தான். பனியன் கம்பெனிப் பையன்கள், லோடு ஏற்றுகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், காலேஜ் பிள்ளைகள்கூட. போகப்போக இளசுகள் குறைந்துவிட்டார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது நான் பார்ப்பது பாதிக்கு மேல் நரைத்த தலைகளைத்தான். இட்லி ஒரு ரூபாய். ஐந்து இட்லி, ஐந்து ரூபாய், சாம்பார் கேட்டால் இன்னொரு கரண்டி. 2023இல் மாதம் 1,200 ரூபாயான முதியோர் உதவித்தொகையில் ஓடும் வீட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். வேறு எந்தக் கணக்கும் ஒத்துவராது.

போன ஐப்பசி மழையில் உணவகத்துக் கிரைண்டரின் மோட்டார் எரிந்தது. நாற்றம் என் கடை வரைக்கும் வந்தது. போய்ப் பார்த்தேன். உள்ளே செம்புக் கம்பி சுற்றிய காயில் முழுக்கக் கருகிக் கிடந்தது. எனக்கு அரை நாள் வேலை. செம்புக் கம்பிக்கு மட்டும் காசு கொடுங்கள், கூலி வேண்டாம் என்றேன். அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "அண்ணா, தொட்டுறாதீங்க. ஆபீஸ் சாமான். எழுதிக் கேக்கோணும்."

எழுதிக் கேட்டார்கள். மூன்று கொட்டேஷன் வேண்டும் என்று பதில் வந்தது. ஒன்று நான் கொடுத்தேன். மீதி இரண்டையும் என் சேக்காளிகளிடம் நானே வாங்கிக் கொடுத்தேன். (இது முறையா என்று கேட்காதீர்கள். எரிந்த மோட்டாரைப் பார்க்க மூன்று பேர் எதற்கு?) அப்புறம் கோப்பு கிளம்பியது. கிரைண்டருக்குப் பேர்போன சீமையில், ஒரு கிரைண்டர் இரண்டு மாதத்துக்கு மேல் சும்மா நின்றது.

அந்த இரண்டு மாதமும் காலையில் உணவகம் திறக்கவில்லை. மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் மட்டும். பெரியவர்கள் பழக்கதோஷத்தில் ஏழு மணிக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். டீக்கடைக்குப் போனால் ஒரு டீயும் இரண்டு வருக்கியும். அதற்கே ஐந்து இட்லிக் காசு மூன்று மடங்காகப் போய்விடும். பலர் அதுவும் இல்லாமல் மதியம் வரைக்கும் இருந்தார்கள். சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டி என் கடை பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். வீட்டில் கட்டிக்கொடுத்த சாப்பாட்டைப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு நாள் கொடுக்கலாம், சரி. தினமும்?

கடைசியில் நானே மண்டல அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவர் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது. "ஏனுங்க, இது முதியோர் திட்டமில்லைங்களே. எல்லாருக்குமானது. பெரியவங்க பட்டினின்னு எழுதினா எந்தத் தலைப்புல காசு எடுக்கறது? பொது நிதில இருந்துதான் வரணும். அங்க தெருவிளக்கு, சாக்கடை எல்லாம் வரிசையில நிக்குது."

அவர் சொன்னது பொய்யில்லை. இந்த உணவகங்களின் நஷ்டத்தை மாநகராட்சிதான் சுமக்கிறது. 2013இல் வைத்த விலை அப்படியே இருக்கிறது. உளுந்து அப்படியே இருக்கிறதா? ஒவ்வொரு இட்லியும் நஷ்டம். நன்றாக ஓடினால் நஷ்டம் கூடும், ஆள் குறைந்தால் கணக்கு அழகாகத் தெரியும். எரிந்த கிரைண்டர் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கே சங்கடமாகப் போயிற்று.

2024 ஜூலையில் முதலமைச்சர் ஸ்டாலின் சென்னையில் ஓர் உணவகத்துக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு, பாத்திரங்களுக்கு 7 கோடி, சீரமைப்புக்கு 14 கோடி, மொத்தம் 21 கோடி ரூபாய் என்று அறிவித்தாரே, அந்தப் பேப்பரை அக்கா இன்னும் மடித்து வைத்திருக்கிறார். "நமக்கு எப்பங்கண்ணா?" என்பார். அது சென்னைக்கு என்று நான்தான் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரியவர் தினமும் தூக்குப்போசியோடு, அதாவது தூக்குவாளியோடு, வருவார். தறிப்பட்டறையில் நாற்பது வருடம் ஓட்டியவர், காது சரியாகக் கேட்காது. வீட்டில் சம்சாரம் படுக்கையில். அம்மா உணவகத்தில் பார்சல் கிடையாது, அது விதி. இவர் இரண்டு டோக்கன் வாங்குவார். முதல் தட்டைச் சாப்பிடுவார். இரண்டாவது தட்டை எடுத்துக்கொண்டு நிற்கிற லாரிக்குப் பின்னால் போவார். அந்த நேரம் பார்த்து அக்காக்களுக்கு உள்ளே அவசர வேலை வந்துவிடும்.

உங்கள் ஊரில் பெரியவர்கள் சாப்பாடு எப்படி நடக்கிறது? காசு எங்கிருந்து வருகிறது?

ஓய்வுபெற்ற அமைப்பாளர்:

தெற்கே ஒரு கிராமத்துச் சத்துணவு மையத்தில் முப்பது வருடத்துக்கு மேல் அமைப்பாளராக இருந்தேன். தம்பி, பெரியவர்கள் சாப்பாட்டுக்குத் தலைப்பே இல்லை என்று உங்களிடம் சொன்னார்கள் அல்லவா, அது முழுக்கச் சரியில்லை. தலைப்பு இருக்கிறது, வேறு துறையில் இருக்கிறது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கினார். மறு வருடம் ஜனவரியிலேயே முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களும் மையத்தில் மதியம் சாப்பிடலாம் என்று வந்துவிட்டது. இன்றைக்குப் பாதிப் பேருக்கு இது தெரியாது.

நான் சேர்ந்த புதிதில் மதியம் ஒரு மணிக்கு மேல் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கிழவிகள் கூட்டம் நிற்கும். பிள்ளைகள் முதலில் சாப்பிட வேண்டும், அது எழுதாத சட்டம். அதுவரைக்கும் அவர்கள் எனக்குக் கீரை ஆய்ந்து கொடுப்பார்கள், அரிசியில் கல் பொறுக்குவார்கள். நான் கேட்டதில்லை. சும்மா சாப்பிட்டுவிட்டுப் போகிறோம் என்ற எண்ணம் வரக் கூடாதே என்று அவர்களாகவே செய்தது.

அந்தக் கூட்டம் கரைந்ததற்குக் காரணம் அரிசி. மையத்தில் சாப்பிட்டால் மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாவிட்டால் 4 கிலோ. மேலே இருப்பவர்களுக்கு இது நியாயமான கணக்கு. வீட்டில் மருமகள் என்ன சொல்வாள்? "அத்தை, நீங்க அங்க போக வேண்டாம், நாலு கிலோவ வாங்கிட்டு வாங்க." அரிசி வீட்டு உலைக்குப் போகும். அத்தை தட்டுக்கு எவ்வளவு வந்தது என்று எந்தப் பதிவேட்டிலும் எழுத இடமில்லை. நான் ஓய்வு பெறும்போது முதியோர் பதிவேட்டில் இரண்டே கைநாட்டு. அதில் ஒருத்தி பக்கத்துத் தெரு, பிள்ளை குட்டி கிடையாது. இன்னொருத்தி பேரப்பிள்ளையைப் பார்க்கத்தான் வருவாள் என்று நினைக்கிறேன். மகன் தனிக்குடித்தனம், பேரன் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான்.

காசு விஷயம் கேட்டீர்கள். அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் வந்துவிடும். காய்கறிக்கும் தாளிப்புக்கும் தலைக்கு இவ்வளவு பைசா என்று வருவதுதான் இழுக்கும். பெரியவர்கள் பெயர் குறைந்தால் அதுவும் குறையும். பெயர் குறைந்த மையத்துக்குப் பெரியவர்களுக்கென்று யார் என்ன செய்வார்கள்?

சித்தூர்ப் பக்கம்:

நான் பாலக்காடு மாவட்டம், சித்தூர் பக்கத்துத் தமிழ். எங்களுக்கு ஜனகீய ஓட்டல்கள். மலிவு விலைச் சாப்பாட்டுக் கடைகள், குடும்பஸ்ரீ என்ற கேரள அரசு மகளிர் குழுப் பெண்கள் நடத்துவது. இடம், கரண்டு, தண்ணீர் எல்லாம் பஞ்சாயத்தோ நகராட்சியோ தர வேண்டும். மதியச் சாப்பாடு 20 ரூபாய், அதற்கு மேல் ஒரு சாப்பாட்டுக்கு 10 ரூபாய் அரசு மானியம். 2023 ஆகஸ்டில் மானியத்தை நிறுத்தினார்கள். சாப்பாடு 30 ரூபாயானது.

பத்து ரூபாய்தானே என்று எனக்கும் தோன்றியது. எங்கள் தெரு ஓட்டலில் தனியாக இருக்கும் ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் தினமும் சாப்பிடுவார். விலை ஏறிய பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர ஆரம்பித்தார். கேட்டால் வயிறு சரியில்லை என்றார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும் எப்படி வயிறு சரியில்லாமல் போகும்? அதைவிட மோசம், சமைத்த சேச்சிகளுக்குப் பழைய மானிய பாக்கி வரவேயில்லை. ஒருவர் மளிகைக் கடனை அடைக்க வளையலை அடகு வைத்தார். பெரியவருக்குச் சோறு போடும் திட்டத்துக்குக் கடைசியில் கடன் கொடுத்தது அந்தச் சேச்சிதான். அதை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஒஹாயோவிலிருந்து:

இங்கே கதை வேறு மாதிரி. அமெரிக்காவில் முதியோர் சாப்பாட்டுக்கென்றே சட்டம் உண்டு. முதியோர் நலச் சட்டம் 1965, சாப்பாட்டுத் திட்டம் அதில் 1972இல் சேர்ந்தது. 60 வயதானால் போதும். காசு கட்டாயமில்லை. உறையில் முடிந்ததைப் போடலாம், போடாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் மத்திய அரசுப் பணம் மட்டும் போதாது. ஒஹாயோவில் பெரும்பாலான கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி) முதியோருக்கென்று சொத்து வரியில் தனியாக ஒரு வரி வைத்திருக்கின்றன. சில வருடங்களுக்கு ஒருமுறை அதைத் தேர்தலில் வைப்பார்கள். வேண்டுமா வேண்டாமா என்று மக்களே ஓட்டுப் போட வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் "வேண்டாம்" பலகையை வாசலில் நட்டிருந்தார். அவருடைய அம்மாவுக்கே அந்தச் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், பனிக்காலத்தில் என் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறவர்.

நான் இரண்டு வருடம் புதன்கிழமைகளில் வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். சொல்லிக்கொடுத்த முதல் பாடம், கதவு திறக்காவிட்டால் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வரக் கூடாது. உடனே அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். ஒரு தடவை அப்படிச் செய்து, குளியலறையில் விழுந்து கிடந்த ஒரு பாட்டியைக் காப்பாற்றினார்கள். பிறகு கொரோனா காலத்துக்கென்று வந்த பணம் தீர்ந்தது. காத்திருப்போர் பட்டியல் நீண்டது. செலவைக் குறைக்க எங்கள் பகுதியில் தினசரிச் சூடான சாப்பாட்டை நிறுத்தி, வாரத்துக்கு ஒருமுறை உறையவைத்த ஐந்து சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு எண்ணிக்கை அதேதான், அறிக்கையில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் கதவைத் தட்டுவது ஐந்து நாளிலிருந்து ஒரு நாளாகிவிட்டது.

ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அப்பாவை இங்கே முதியோர் மையத்துக்கு அழைத்துப் போனேன். சைவத்தில் கிடைத்தது அவித்த பீன்ஸும் ரொட்டியும். நல்லபடியாக நன்றி சொல்லி உறையில் இரண்டு டாலர் போட்டுவிட்டு, காரில் ஏறியதும் "தயிர் சாதம் இருக்கா?" என்றார்.

எதிர்க்கடைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கிரைண்டர் தை பிறந்ததும் ஓட ஆரம்பித்தது. நான்தான் காயில் கட்டினேன், என் கொட்டேஷன்தான் குறைவாம். பில் காசு இன்னும் வரவில்லை, அதை விடுங்கள்.

ஒஹாயோக்காரர் கதவு தட்டுவதைப் பற்றி எழுதியதைப் படித்ததும் ஒன்று உறைத்தது. தூக்குப்போசிப் பெரியவரைப் பத்து நாளாகக் காணோம். அக்காவுக்கும் வீடு தெரியவில்லை. பன்னிரண்டு வருடமாக இட்லி வாங்கியவரின் வீடு எந்தச் சந்து என்று எங்கள் யாருக்கும் தெரியாது. நேற்று விசாரித்துக்கொண்டு போனேன். தறிக் குடோனுக்குப் பின்னால் லைன் வீடு. ஆள் இருந்தார். முழங்கால் வீங்கி, நடக்க முடியவில்லை. சம்சாரத்துக்கும் அவருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறது.

போசியைக் கழுவி என்னிடம் கொடுத்தார், கூடவே பத்து ரூபாய். இன்று காலையில் இரண்டு டோக்கன் வாங்கி லாரிக்குப் பின்னால் நான் போய் நின்றேன். அக்காவுக்கு உள்ளே அவசர வேலை வந்துவிட்டது.